இரண்டாவது மணி நேரம்

இந்தக் கட்டிடத்தில் எனக்கு எலியம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் தூங்குகிறது. இருபத்தாறு வருஷமாக எலிகளுக்குத் தண்ணீர் வைப்பதும், கூண்டில் மரத்தூள் மாற்றுவதும், எது குட்டி போட்டது, எது போடவில்லை என்று எட்டிப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. எத்தனை சோப்பு போட்டாலும் தலைமுடியிலிருந்து அந்த வாடை போகாது. "நீ வர்றது தெருமுனையிலயே தெரிஞ்சுடுது" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. எனக்கும்தான். அவர் பேச்சு மட்டுமில்லை, மூன்று மாடிப் படி, கூண்டு, மரத்தூள், முட்டிவலி எல்லாமே அலுத்துவிட்டது.

மூன்று வருஷமாக எங்கள் அறையில் நடப்பது கதிர் வேலை. சமையலறை மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கிற அதே கதிரை, சூடே தெரியாத அளவுக்குக் குறைத்து, சினை எலிகளுக்குக் காட்ட வேண்டும். பிறகு பிறக்கிற குட்டிகளின் மூளை வளர்ச்சியில் ஏதாவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவள் ஒரு முப்பது வயசுப் பெண். பட்டம் இன்னும் வரவில்லை, ஆனாலும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாவது வருஷமாக இதில் கிடக்கிறாள். அவளுக்கு மேலே துறைத் தலைவர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதனால் அவர் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் அவர் பார்க்கலாம் சார்தான்.

வேலை இப்படி. உள்ளே தகடு அடித்த ஒரு பெட்டி, பீரோவைப் படுக்க வைத்த அளவு. ஒவ்வொரு தாய் எலியையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட வேண்டும். குழாய் அதன் உடம்பு அகலம்தான். உள்ளே போனால் திரும்ப முடியாது, முன்னால் இருக்கும் ஓட்டையில் மூக்கை நீட்டலாம், அவ்வளவுதான். ஆறு குழாய்களை வட்டமாக அடுக்கி, கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டால் முதல் மணி நேரம் ஆரம்பம். அது முடிந்ததும் அந்த ஆறையும் கூண்டில் விட்டுவிட்டு, வேறு ஆறு எலிகளைக் குழாயில் அடைத்து இரண்டாவது மணி நேரம். அதே பெட்டி, அதே குழாய், அதே விசிறிச் சத்தம். கதிர் சுவிட்சை மட்டும் போடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பதிவேட்டில் ஒரு டிக். இப்படி இருபது நாள். இரண்டாவது ஆறுக்கு ஆராய்ச்சிக் காகிதத்தில் ஏதோ நீளமான பேர் இருக்கிறது. நான் சும்மா குழு என்பேன்.

அந்த இரண்டாவது மணி நேரத்தைத்தான் நான் திருடினேன்.

முதல் இரண்டு தொகுதி எலிகளுக்கு எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாவது தொகுதி நடக்கும்போது என் வீட்டுக்காரர் விளக்கு மாட்டுகிறேன் என்று ஏணியில் ஏறி, விழுந்து, இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். படுத்த படுக்கை. மதியம் ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். மகள் வேலைக்குப் போகிறவள், மாப்பிள்ளையும் அப்படியே. நான்தான் பஸ்ஸில் போய்ப் புரட்டிவிட்டு, நாலு வாய் ஊட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் எங்கே போய்த் தேடுவது? சுவிட்ச் போடாத பெட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதுமே கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. நடக்காத ஒன்றுக்கு எதற்குக் காவல்? சும்மா குழுவைக் கூண்டிலேயே விட்டேன். ஆறு டிக்கையும் முன்கூட்டியே போட்டேன். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. எத்தனை நாள் என்று அப்போது எண்ணவும் இல்லை.

குட்டிகள் பிறந்து ஒரு மாதம் ஆனதும் அவற்றின் மூளையைத் தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஊதாச் சாயம் ஏற்றி வைத்தார்கள். நினைவுக்கான பகுதியில் எத்தனை செல் இருக்கிறது என்று டாக்டரம்மா உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினாள். எட்டு மாதம். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு எண்ணினாள். எந்தக் கண்ணாடி எந்தக் குழுவுடையது என்று அவளுக்கே தெரியக் கூடாது. மேலே வெறும் எண்தான் இருக்கும், எண்ணின் ரகசியம் பார்க்கலாம் சாரின் பீரோவில் ஒட்டிய உறைக்குள் இருக்கும். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்களே, இவள் எலியைக் கெல்லி என்னத்தைப் பிடிக்கப் போகிறாளோ என்று எனக்கு அலுப்பாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை அந்த உறையைப் பிரித்தார்கள். அவள் கழுத்துப் பட்டையோடு எலி அறைக்கு ஓடி வந்தாள். கதிர் பட்ட குட்டிகளுக்குச் செல் குறைந்திருக்கிறதாம். முதல் இரண்டு தொகுதியில் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, ஆனால் மூன்றாவதில் நூற்றுக்குப் பதினெட்டு குறைவு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு நிற்கிறதாம். பார்க்கலாம் சாரே வாயைத் திறந்து "நல்லா இருக்கு" என்றாராம். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்த மகளிடம் அத்தனையையும் ஒப்பித்தேன்.

என் மகள் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். முதுகு வலி, தோள் வலி என்று வருகிறவர்களுக்கு மைக்ரோவேவ் மெஷினால் சூடு கொடுக்கிற அறையில்தான் அவளுக்கு முழு நேர வேலை. ஆறு வருஷம் தற்காலிகமாக ஓடி, போன வருஷம்தான் நிரந்தரமானாள். இப்போது வயிற்றில் நாலு மாதம். நான் சொன்னதைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை அன்றைக்கே தன் செல்போனைச் செருப்பு அலமாரியில் குடிவைத்துவிட்டார். மறுநாள் மகள் மேலதிகாரியிடம் போய், குழந்தை பிறக்கிற வரைக்கும் வேறு அறைக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறாள். வேறு இடம் இல்லை, முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், இடத்தைப் பிடித்து வைக்க மாட்டோம் என்று பதில். அவள் ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை கொடுப்பதாக இருந்தாள்.

புதன்கிழமை டாக்டரம்மா எலி அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நல்ல மனநிலையில் இருந்தாள். மூன்றாவது தொகுதியில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று சார் கேட்கிறார், தீனி மாறியதா, மரத்தூள் மாறியதா என்று விசாரித்தாள். எதுவும் மாறவில்லை என்றேன். பிறகு, பேச்சோடு பேச்சாக, இத்தனை வருஷம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். சுவிட்ச் போடாமல் எதற்குப் பெட்டிக்குள் வைக்கிறோம்?

"குழாய்க்குள்ள அடைச்சு வெச்சாலே தாய் எலி ரொம்பத் தவிச்சுப் போகும் அக்கா. அந்தத் தவிப்பே வயித்துல இருக்கற குட்டியோட மூளையைக் குறைக்கும். ரெண்டு குழுவையும் ஒரே மாதிரி தவிக்க விட்டாத்தான், மிச்சம் இருக்கற வித்தியாசம் கதிராலன்னு சொல்ல முடியும்."

நான் கூண்டிலேயே விட்டுப்போன ஆறும் தவிக்கவே இல்லை. கையில் இருந்த தண்ணீர்ப் புட்டியை எந்தக் கூண்டில் மாட்ட வந்தேன் என்று மறந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொன்னவர்கள் உண்டு. எதற்கு என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அதையே புரட்டிக்கொண்டு வந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன குறை? டாக்டரம்மாவுக்குப் பட்டம் கிடைக்கும். மகள் அந்த மெஷினை விட்டுத் தப்பிப்பாள். எனக்கும் எட்டு மாதத்தில் ஓய்வு. எலிகளா வந்து புகார் கொடுக்கப் போகின்றன? சொன்னால் எல்லோருக்கும் கெடுதல். எந்தப் பக்கம் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நல்லது.

ஆனால் நாளைக்கு மகள் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவாள். ஆறு வருஷம் நாயாய் ஓடி வாங்கிய வேலை. அம்மா அங்கேயே வேலை பார்க்கிறாள், அவளுக்குத் தெரியாதா என்று நம்பி வேலையை விடப் போகிறாள். எனக்கு என்ன தெரியும்? நான் ஊட்டிவிடப் போன நேரத்துக்குப் போட்ட டிக்கைத்தான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அதை நினைக்கும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மெஷின் கெடுதல் என்றே இருக்கட்டும், அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதிவேட்டையும் எடுத்து முன்னால் வைத்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எந்தெந்த நாள் அக்கா?"

"தெரியலையேம்மா. எல்லா நாளும் ஒரே மாதிரிதான் டிக் போட்டிருக்கேன்."

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இருபது நாள், நாளுக்கு ஆறு டிக், எல்லாம் என் கையெழுத்தில் அழகாக வரிசையாக இருந்தன. அதில் எது நிஜம், எது பொய் என்று எனக்கே தெரியவில்லை. நாள் தெரிந்திருந்தாலாவது ஏதாவது செய்யலாம், இப்போது தொகுதி முழுக்கப் போச்சு என்றாள். பதிவேட்டை மூடினாள்.

"எட்டு மாசம் எண்ணினேன் அக்கா" என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அப்படியென்றால் குழாய்தான் காரணமா, கதிர் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது என்றாள். கதிராக இருக்கலாம், குழாயாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க மூன்றாவதாக ஒரு குழு, கூண்டிலேயே விட்ட குழு, தனியாக வேண்டும். அதற்கு இடம் கேட்டு இரண்டு வருஷமாகிறது. சார் பார்க்கலாம் என்றார்.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். அவள் அப்பா ஊன்றுகோலோடு முன்னறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அப்பாவைப் புரட்டப் போனதையும் சொன்னேன், ஆனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேடை மேல் வைத்தாள்.

"நீ சொன்னேன்னுதாம்மா எழுதினேன்."

"தெரியும்."

"இப்போ அந்த மெஷின் பக்கத்துல நான் நிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு."

பிறந்ததிலிருந்து அவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள் நான். இந்தப் படிப்புப் படி, இவனைக் கட்டிக்கொள், இந்தத் தலையணை வேண்டாம், கழுத்து பிடிக்கும். தெரியாத விஷயத்துக்கும் தெரிந்த மாதிரி அடித்துப் பேசுவேன்.

"எனக்குத் தெரியலை கண்ணு. எங்க டாக்டரம்மாவுக்கும் தெரியலை."

அவள் மேடையில் சாய்ந்துகொண்டாள். களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. அப்போதுதான் கேட்கத் தோன்றியது. அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்டேன். இத்தனை நாள் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அறையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எட்டடிக்குப் பத்தடி என்றாள். அதில் இரண்டு கட்டில், இரண்டு மெஷின், நடுவில் திரை. ஜன்னல் கிடையாது. இருக்கிற ஒரே நாற்காலி நோயாளிக்கு. திரைக்கும் சுவருக்கும் நடுவில்தான் இவள் நிற்பாள், ஒரு ஆள் நிற்கிற அகலம், பின்னால் இன்னொருவர் போக வேண்டுமென்றால் இவள் வெளியே வர வேண்டும். காலையில் எட்டு மணிக்கு உள்ளே போனால் மதியச் சாப்பாடு வரைக்கும் அப்படித்தான், பல நாள் அந்தச் சாப்பாடும் நின்றபடியே. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லி வைத்தவன் இவளுடைய அறையைப் பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பான்.

"அங்க போகாதேடி" என்றேன். மெஷினுக்காகச் சொல்லவில்லை.

"தெரியும்னு நீ சொன்னா விட்டுடுவேன். தெரியாதுங்கறதுக்காக எப்படிம்மா விடறது? ஆறு வருஷம்மா. வெளியில போனா மறுபடி கூப்பிட மாட்டாங்க" என்றாள்.

அவள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அவள் அந்த அறையில்தான் இருந்தாள். நாற்காலி ஒன்று கேட்டுப் பார் என்று போனில் சொன்னேன். கேட்டாளாம். போட இடம் இல்லையாம்.

பார்க்கலாம் சார் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. இரக்கத்தால் என்று நான் நினைக்கவில்லை, இந்த வாடையில் உட்கார வேறு யாரும் வர மாட்டார்கள். மூன்றாவது தொகுதியை அடியிலிருந்து செய்ய வேண்டும் என்று முடிவானது. டாக்டரம்மாவின் பட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. அவள் இப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஸ்டூலில் வந்து உட்காருவது மட்டும் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் புதுச் சினை எலிகள் தயாராயின. பன்னிரண்டு. முதல் மணி நேரம் முடிந்தது. கதிர்க் குழுவைக் கூண்டில் விட்டுவிட்டுச் சும்மா குழுவை எடுத்தேன். ஐந்து எலிகள் உள்ளே போய்விட்டன. ஆறாவது எலி குழாயின் வாயில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு போக மாட்டேன் என்றது. உடம்பு சூடாக, வயிறு கனமாக என் உள்ளங்கையில் துடித்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ எலிகளை இப்படித் தள்ளியிருக்கிறேன். தள்ளுவதால் என்ன ஆகும் என்று தெரிந்து தள்ளுவது இதுதான் முதல் தடவை. கூண்டில் விட்டுவிட்டு ஒரு டிக் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"உள்ளே போ தாயே" என்றேன். ஒவ்வொரு காலாக விரலால் எடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் தள்ளி, மூடியைத் திருகினேன். கதவைச் சாத்தி விசிறியைப் போட்டேன். கதிர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கண்ணாடி வழியாக ஆறு மூக்குகள் தெரிந்தன. பத்து நிமிஷம் கழித்து ஒரு டிக். மறுபடி பத்து நிமிஷம். மூன்றாவது டிக் போடும்போது மணி பன்னிரண்டரை, மகளுக்குச் சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகியிருக்காது. ஆறாவது எலி மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. உனக்கு இருபது நாள்தான் என்று அதனிடம் சொன்னேன். என் மகளுக்கு இன்னும் நாலு மாசத்துக்கு மேல் இருக்கிறது.